மலைநாட்டு மழையும் கீழைக்கரை அலையும்

கொழும்பிலிருந்து புறப்பட்டு, இரத்தினபுரி, பெல்மதுளை, ஓப்பநாயக்க, பலாங்கொடை ஆகிய ஊர்களின் வழியே கிழக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவைச் சப்பிரகமுவ நேயர்கள் நன்கறிவார்கள். ஏ-4 என்னும் எண் பெற்ற அத்தெரு, மலைகளைச் சுற்றி வெல்லவாயவுக்கு இறங்கி, மொனராகலையையும் சியம்பலாண்டுவையையும் கடந்து, பொத்துவிலிலே கடலைக் காண்கிறது. சித்திரையும் வைகாசியும் பிறந்துவிட்டால், அத்தெருவில் ஓடும் வாகனங்களுட் சில தலைமேல் நீண்ட பலகைகளைச் சுமந்து செல்வதைத் தோட்டத்து மக்கள் கண்டிருப்பார்கள். அவை அலைச்சறுக்குப் பலகைகள். ஓப்பநாயக்கவில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். பலகையுடையவர்களோ வெயிலில் கடலாடப் போகிறவர்களைப் போல உடுத்தியிருப்பார்கள். இவர்களுக்கு வானம் பார்க்கத் தெரியாதோ என்று ஐயுறுவோரும் உண்டு. உண்மையில், அவர்கள் வானத்தை நன்றாகவே பார்த்துத்தான் புறப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் செல்லும் இடம் பொத்துவிலை அடுத்த அறுகம்பை.

அலைச்சறுக்குக்கு உகந்த கடல் எது, உகந்த நாள் எது என்று அறிய விரும்புவோர் இரண்டு வினாக்களுக்கு விடை தேடவேண்டும். அலை எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. கரையிலே காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவதே நம்மிற் பலரின் வழக்கம். காற்றடித்தால் கடல் கொந்தளிக்கும், காற்றடங்கினால் கடலும் அடங்கும் என்று நினைக்கிறோம். குளத்தைப் பொறுத்தவரையில் அது சரி. சமுத்திரத்தின் கதை வேறு.

காற்றின் கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். அது நமக்கு அண்மையிலேயே நடக்கிறது. மே மாத இறுதியளவில் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காற்று இலங்கையை எட்டுகிறது. கடலின் ஈரத்தை அள்ளிவரும் அக்காற்றை மத்திய மலைத்தொகுதி மறித்து நிற்கிறது. மறிக்கப்பட்ட காற்று மேலெழுகிறது, மேலெழுந்து குளிர்கிறது, குளிர்ந்து தன் நீரை மலையின் மேற்குச் சரிவிலும் தெற்குச் சரிவிலும் இறக்கிவிடுகிறது. ஓப்பநாயக்க அமைந்திருப்பது அத்தெற்குச் சரிவின் அடியிலே. இறப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டு நின்று, நாட்பேர் குறைந்து, குடும்பங்கள் வானத்தைப் பார்த்து ஏங்கும் காலம் அது. அளவு மீறினால் ஏக்கம் பேரிடராகவும் மாறும். 2003ஆம் ஆண்டு மே மாதத்திலும் 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பட்ட பாட்டை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

மலையைக் கடந்த பிறகு அதே காற்று என்ன ஆகிறது? தன் நீரையெல்லாம் இறக்கிவைத்துவிட்டு, வெறுங்கையோடு கிழக்குச் சரிவில் இறங்குகிறது. உலர்ந்த காற்று நூறு மீற்றர் இறங்கும்போது ஏறத்தாழ ஒரு பாகை செல்சியசு சூடேறும் என்பது இயற்கையின் விதி. ஆயிரம் மீற்றர் இறங்கினால் பத்துப் பாகை. ஆகவே அப்புத்தளையைச் சுற்றிக் குளிர்ந்து வீசும் காற்று, மட்டக்களப்புச் சமவெளியை அடையும்போது அனலாகிவிடுகிறது. அங்குள்ள மக்கள் இதனைக் கச்சான் காற்று என்பார்கள். (கோயில் வாசலில் வறுத்து விற்கும் கச்சானை இங்கே நினைத்துக்கொள்ளவேண்டாம், பெயர் மட்டுமே ஒன்று.) ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைச்சரிவுகளிலும் இவ்வாறான வெங்காற்று உண்டு, அதனை அங்கே பேன் காற்று என்கிறார்கள். நம் தோட்டத்துக் கூரையில் விழும் மழையும் பொத்துவிலின் வெயிலும் ஒரே காற்றின் இரண்டு செயல்கள் என்றால் மிகையன்று.

கச்சான் காற்று அறுகம்பையிலே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரைக்கு வரும் அலையை அது எதிர்கொண்டு, அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கிறது. அலை முந்திச் சிதறாமல், கண்ணாடிபோல் வழுவழுப்பாக எழுந்து, ஒழுங்காக மடிகிறது. காலை வேளையில் இவ்வொழுங்கு மிகுதி. நண்பகலுக்குப் பின் நிலம் சூடேறியதும் கடற்காற்று எழுந்து அலைமுகத்தைக் கலைத்துவிடுவதும் உண்டு. ஆகையால் பலகையுடையவர்கள் விடியற்காலையில் கடலில் இறங்குகிறார்கள். அதே மாதங்களில் மேற்குக் கரையிலும் தென்மேற்குக் கரையிலும் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுவதால், அங்கே அலை பெரிதாயிருந்தும் ஒழுங்கற்றிருக்கிறது.

இனி அலையின் கதைக்கு வருவோம். அறுகம்பையில் மடியும் அலையைப் பிறப்பித்தது கச்சான் காற்று அன்று. நம் மலையிலே மழை பெய்வித்த காற்றும் பெரும்பாலும் அன்று. பூமத்திய ரேகைக்குத் தெற்கே நாற்பது முதல் அறுபது பாகை வரையான கடற்பரப்பில், இடையே நிலமென்று சொல்லத்தக்கது மிகக் குறைவாயிருக்க, மேலைக்காற்று உலகைச் சுற்றி ஓடிக்கொண்டேயிருக்கிறது. நமக்குக் கோடையாகிய ஆனி, ஆடி, ஆவணி மாதங்கள் அங்கே மாரிக்காலம். அப்போது எழும் புயல்கள் நாட்கணக்கில் நீரைத் தள்ளித் தள்ளிப் பேரலைகளை உருவாக்குகின்றன. புயல் ஓய்ந்தாலும் அலை ஓய்வதில்லை. அது புயலைப் பிரிந்து, சமுத்திரத்தின் குறுக்கே தன் பயணத்தைத் தொடர்கிறது.

அவ்வலையின் அளவுகள் வியப்பூட்டுவன. ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வருவதற்குப் 16 செக்கன் எடுக்கும் அலையை எண்ணிக்கொள்ளுங்கள். ஆழ்கடலில் அதன் முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே ஏறத்தாழ 400 மீற்றர் தொலைவு இருக்கும். முகடுகள் மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். எனினும் அலைக்கூட்டம் முழுவதும் முன்னேறுவது அதில் பாதி வேகத்தில்தான். புயலுக்கும் நம் கரைக்கும் இடையே 6,000 கிலோமீற்றர் என்று கொண்டால், பயணத்துக்கு ஐந்தரை நாள் செல்லும். ஞாயிறன்று தென்சமுத்திரத்தில் பிறந்த அலை, வெள்ளியன்று அறுகம்பையில் மடிகிறது. இத்தகைய பயணங்கள் கற்பனை அல்ல. வால்ற்றர் மங்க் என்னும் கடலாராய்ச்சியாளர் தம் குழுவினருடன் 1963ஆம் ஆண்டில் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை அளவை நிலையங்களை நிறுவி, தென்கோடியில் பிறந்த அலைகள் பசிபிக் சமுத்திரம் முழுவதையும் கடந்து வடகோடியை எட்டுவதை அளந்து காட்டினார்.

தெற்கிலிருந்து வரும் அலை கிழக்குக் கரைக்குள் எவ்வாறு நுழைகிறது என்று கேட்கலாம். தேயிலை மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்துச் செல்லும் பெண்களை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். வரிசையின் ஒரு முனையிலுள்ளோருக்குக் கொழுந்து அடர்ந்திருந்தால் அவர்கள் நடை தாமதப்படும். மறுமுனையிலுள்ளோர் முந்திச் செல்வார்கள். நேராக இருந்த வரிசை வளைந்துவிடும். அலையும் அப்படியே. நிலமுனையை ஒட்டிய ஆழமற்ற நீரில் அதன் ஒரு முனை தாமதிக்க, ஆழத்தில் உள்ள முனை விரைய, அலை முனையைச் சுற்றிக் குடாவுக்குள் திரும்புகிறது. அடியிலே கிடக்கும் பாறையும் முருகைக்கல்லும் அதனைத் தடுக்கி மடியச் செய்கின்றன. அலையின் உயரத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு அளவுக்கு நீரின் ஆழம் குறையும் இடத்தில் அலை உடைகிறது. மணல் இடம் பெயரும், பாறை பெயராது. ஆதலால் பாறைமீது உடையும் அலை நாளும் ஒரே இடத்தில், ஒரே பாங்கில் உடைகிறது. பலகையுடையவர்கள் முருகைக்கற் கரைகளை விரும்புவது இதனாலேயே. அவர்களுடைய காயங்களுக்கும் அதுவே காரணம். நம் கரைகளில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆயினும் பாறை இடுப்பளவு நீரில் கிடக்கும்போது அரை மீற்றர் வற்றினாலும் அது பெரிய வேறுபாடே.

கார்த்திகைக்குப் பின் எல்லாம் தலைகீழாகிறது. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி தொடங்கி, கீழைக்கரையில் காற்றும் மழையும் கடலிலிருந்து வருகின்றன. அப்போது இக்கடுவை, மிடிகமை, வெலிகமை முதலிய தென்கரை ஊர்களில் காற்று நிலத்திலிருந்து வீச, அங்கே பருவம் பிறக்கிறது. தென்சமுத்திரத்துக்கு அது கோடை; ஆகவே அலை சற்றுச் சிறிது. இக்கடுவையின் முருகைக்கற் பாறை 1998ஆம் ஆண்டுக் கடல்வெப்பத்தால் வெளிறிப் பெரும் அழிவுற்றது என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவைக்கவேண்டும்.

பலகை ஏறாத நமக்கு இவற்றால் ஆவதென்ன? ஆவது உண்டு. ஆடி மாதத்தில் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கதிர்காமத்துக்கும் பொத்துவிலுக்குத் தெற்கேயுள்ள உகந்தை முருகன் ஆலயத்துக்கும் யாத்திரை போகின்றன. உகந்தைக் கோயிலை ஒட்டிய கடற்கரையும் அலைச்சறுக்குக்குப் பெயர்பெற்றது. கதிர்காமம் சென்றவர்கள் கிரிந்தைக் கடலையும் பார்த்துத் திரும்புவது வழக்கம். மழையில் நனைந்து புறப்பட்டவர்களுக்கு மலை தாண்டியதும் தெளிந்த வானமும் வெயிலும் கிடைக்கின்றன. வானம் தெளிந்திருப்பதால் கடலும் சாதுவாகத்தான் இருக்குமென்று நம்பி, ஆற்றில் மட்டுமே குளித்துப் பழகியவர்கள் குழந்தைகளோடு நீரில் இறங்குகிறார்கள். தென்சமுத்திரத்து அலைகள் வலிமை மிக்கு வரும் மாதங்களும் இவையே! ஓப்பநாயக்கவில் பெய்யும் மழையைக்கொண்டு அறுகம்பைக் காற்றை ஓரளவு ஊகிக்கலாம். அலையை ஊகிக்க முடியாது.

கேரளத்து மீனவர்கள் இத்தகைய அலைப்பெருக்கைக் கள்ளக்கடல் என்கிறார்கள். முன்னறிவிப்பின்றி, கள்வனைப் போல் வருவதால் அப்பெயர். எனினும் இன்று அது முற்றிலும் முன்னறிவிப்பின்றி வருவதன்று. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் நிலையம் அலைகள் வழியில் இருக்கும்போதே எச்சரிக்கை விடுக்கிறது. 2024ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் இவ்வலைகளுக்குப் பலியானபோதும் எச்சரிக்கை வெளிவந்தே இருந்தது. கரையில் நின்றவர்களின் காதுக்கு அது எட்டவில்லை.

நெடிய அலைகள் கூட்டங்கூட்டமாக வருபவை. ஒரு கூட்டம் உடைந்தபின் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் கடல் அமைதியாகக் கிடக்கும். அவ்வமைதியைக் கண்டே பலர் இறங்குகிறார்கள். ஆகவே இறங்குமுன் இருபது நிமிடமாவது கரையில் நின்று பார்ப்பது நன்று. மற்றொன்றும் உண்டு. அலைகள் வெள்ளையாக உடையும் இரண்டு இடங்களுக்கு நடுவே அலையுடையாத ஓர் இடைவெளி தெரியும். குளிப்பதற்கு வாய்ப்பான இடம் அதுவென்றே நம் கண் சொல்லும். கரைக்கு வந்து குவிந்த நீர் மீண்டும் கடலுக்கு ஓடும் வாய்க்கால் அது. அவ்விழுவையில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் சோர்ந்துபோவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால், இழுவையின் அகலத்தைக் கடந்து வெளியேறலாம். நீந்த அறியாதவர்க்கு இவ்வறிவுரையாற் பயனில்லை. அவர் முழங்காலளவு நீருக்கு அப்பாற் செல்லாதிருப்பதே தக்கது.

வளிமண்டலவியல் திணைக்களம் நாள்தோறும் கடல்நிலை பற்றி வெளியிடும் அறிவிப்பைத் தோட்டத்து நேயர்கள் மீனவர்களுக்குரியதென்று விட்டுவிடுகிறார்கள். யாத்திரை போகும் நாளிலாவது செவிகொடுங்கள். அம்பாந்தோட்டையிலிருந்து பொத்துவில் வரையான கடற்பரப்பு என்று கேட்டால், கிரிந்தையும் உகந்தையும் அதனுள் அடங்கியவை என்று கொள்ளுங்கள். அங்கே சொல்லப்படும் காற்றின் வேகம் ஒரு செய்தி; அலையின் உயரம் வேறொரு செய்தி; முன்னது குறைந்திருக்கும் நாளில் பின்னது மிகுந்திருக்கலாம். அலையின் உயரம் இரண்டு மீற்றர் என்று அறிவிக்கப்பட்டால், எல்லா அலைகளும் இரண்டு மீற்றர் என்பது பொருளன்று. வருகின்ற அலைகளுள் பெரிதான மூன்றிலொரு பங்கினை எடுத்து, அவற்றின் சராசரியைத்தான் கடலறிஞர்கள் அவ்வாறு குறிக்கிறார்கள். சில மணி நேரத்துள் வரும் ஆயிரம் அலைகளில் ஒன்று, ஏறத்தாழ நான்கு மீற்றர் உயர்ந்தும் வரக்கூடும்.