கூட்டுப் பெட்டியும் சிட்டுக்குருவியும்

ரேணிகுண்டாவில் ஒரு பள்ளிச் சுவரில் பறவைகளுக்கெனக் கூட்டுப் பெட்டி ஒன்றை மாட்டினால், அதில் முதலில் குடிபுகுவது பெரும்பாலும் சிட்டுக்குருவியே ஆகும். பிற பறவைகளுக்கு இடம் வேண்டி அதனை வெளியேற்றுதல் தகுமா? ‘வெளியேற்றுக’ என்பது அமெரிக்க வழிகாட்டி நூல்களின் விடை. அவ்விடை இந்நாட்டிற்குப் பொருந்தாது.

சிட்டுக்குருவி அமெரிக்காவின் பறவையன்று. 1851ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டு, பின்னர் அக்கண்டமெங்கும் பரவியது. அங்குள்ள நீலப்பறவை, பொந்துகளில் முட்டையிடுவது. ஆனால் மரத்தைத் துளைக்கும் ஆற்றல் அதற்கில்லை. சிட்டுக்குருவி அதன் முட்டைகளை உடைப்பதோடு, குஞ்சுகளையும் சில வேளைகளில் தாய்ப்பறவையையும் கொத்திக் கொன்றுவிடுகிறது. நீலப்பறவைக்கு 38 மில்லிமீட்டர் அகலமுள்ள வாயில் தேவை. உடலிற் சிறிய சிட்டுக்குருவி அதில் எளிதாக நுழையும். வாயிலால் தடுக்க இயலாமையால், சிட்டின் கூட்டையும் முட்டைகளையும் அகற்றும் முறை அங்கு ஏற்பட்டது.

இந்தியாவிலோ சிட்டுக்குருவி தொன்றுதொட்டு வாழும் சொந்தப் பறவை. 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதையும் நோக்க அதன் தொகை ஏறக்குறைய நிலையாக உள்ளதென்றும், சென்னை, ஐதராபாத் உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்துள்ளதென்றும் கூறுகிறது. எனவே இங்கு அதன் கூட்டைக் கலைத்தல் பாதுகாப்பாகாது, கேடேயாகும்.

எனினும் பிற பறவைகளுக்கும் இடமளித்தல் வேண்டும். அதற்கு இரு வழிகள் உள. முதலாவது, வாயிலின் அளவு. 28 மில்லிமீட்டர் வாயிலில் பட்டாணிக்குருவி நுழையும், சிட்டுக்குருவி நுழையாது. 32 மில்லிமீட்டர் வாயில் சிட்டுக்குருவிக்குப் போதும்; மைனா அதில் புக முடியாது. இரண்டாவது, இடத்தின் தேர்வு. குண்டுகரிச்சான் சிட்டுக்குருவியினும் பெரிய பறவையாதலால், அதன் பெட்டிக்கு வாயிலின் அளவு காவலாகாது. சிட்டுக்குருவிகள் கட்டடங்களை ஒட்டிக் கூட்டமாக வாழ்வன. ஆகவே அவற்றிற்கான பெட்டிகள் சிலவற்றை இறவாரத்தின்கீழ் அருகருகே அமைத்து, குண்டுகரிச்சானின் பெட்டியைக் கட்டடத்திற்கு அப்பால் தோட்டத்து மரத்தில் பொருத்துதல் நலம்.

கோடையில் 40 பாகை செல்சியசுக்கு மேலும் வெப்பம் ஏறும் இப்பகுதியில் தகரப் பெட்டி குஞ்சுகளுக்கு எமனாகும். மரப்பெட்டியே ஏற்றது. அதன் வாயில் வடக்கு அல்லது கிழக்கு நோக்கியிருத்தல் வேண்டும்.

பெட்டியைத் துப்புரவு செய்யுமுன் குடியிருப்பது எப்பறவை என்று அறிதல் இன்றியமையாதது. வைக்கோலும் இறகும் தாறுமாறாக நிறைந்திருப்பின் அது சிட்டின் கூடு. மெல்லிய வேர்களாலான ஆழமற்ற கிண்ணமும், பழுப்புப் புள்ளிகளுடன் நீலப்பச்சை முட்டைகளும் காணப்படின் அது குண்டுகரிச்சானின் கூடு. எதுவாயினும் குஞ்சுகள் பறந்து சென்ற பின்னரே பெட்டியைத் தொடலாம்.

ஒரு நாட்டில் அந்நியனாகத் தீங்கு விளைக்கும் பறவை மற்றொரு நாட்டில் வீட்டுக்குரியதாக விளங்குகிறது. நூலில் கண்ட முறையைக் கையாளுமுன், அது எந்நாட்டிற்கு எழுதப்பட்டதென ஆராய வேண்டும் என்பதே மாணவர்களுக்கு இதனால் புகட்டத் தக்க பாடம்.