இஞ்சின் ஒன்று, காஷன் ஆர்டர் வேறு

நம் சங்கக் குடும்பங்களில் பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது ஸாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறது. ‘டெவ்’, ‘ஸ்டேஜிங்’, ‘ப்ரொடக்‌ஷன்’ என்று அவர்கள் போனில் பேசுவதைக் கேட்டு விழிக்கும் பெற்றோருக்கும், அத்தொழிலில் புதிதாக நுழையும் இளைஞருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஒரு புரோகிராம் மூன்று இடங்களில் ஓடுகிறது: எழுதுபவரின் கம்ப்யூட்டரில், சோதனை சர்வரில், பொதுமக்கள் உபயோகிக்கும் சர்வரில். புரோகிராம் ஒன்றுதான். ஆனால் எந்த டேட்டாபேஸைத் தொடுவது, அதன் பாஸ்வேர்ட் என்ன, எஸ்.எம்.எஸ். நிஜமாகவே அனுப்புவதா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். இவற்றை உள்ளே எழுதிவிடாமல் வெளியிலிருந்து கொடுக்கும் வழிதான் ‘என்விரான்மென்ட் வேரியபிள்’. 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே உண்டு, புதுச் சரக்கல்ல.

ரயில்வேக்காரன் கண்ணுக்கு இது காஷன் ஆர்டர். நாக்பூரிலிருந்து இடார்சிப் பக்கமும் பல்லார்ஷா பக்கமும் போவது ஒரே இஞ்சின்தான். எந்தக் கிலோமீட்டரில் வேகத்தைக் குறைப்பது என்பதை இஞ்சினில் யாரும் பொறித்து வைப்பதில்லை. நான் பணியிலிருந்த காலத்தில் புறப்படும் ஸ்டேஷனில் டிரைவர் கையில் தாளாகக் கொடுப்பார்கள். புரோகிராமும் கிளம்பும்போது வாங்கிய மதிப்புகளோடுதான் ஓடும். பிறகு வெளியே மாற்றினால் அதற்குத் தெரியாது. நிறுத்தித்தான் மறுபடி கிளப்ப வேண்டும்.

பாஸ்வேர்டை உள்ளேயே எழுதினால்? 2016-ல் உபர் கம்பெனியின் புரோகிராம் சேமிப்பில் கிடந்த சாவியை எடுத்தவர்கள், பயணிகளும் டிரைவர்களுமாக 5.7 கோடி பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ‘கிட்’டில் ஒருமுறை ஏறியதைப் பிறகு அழித்தாலும் பழைய பிரதிகளில் இருக்கும். பாஸ்வேர்டையே மாற்ற வேண்டியதுதான்.

இன்னொரு வேடிக்கை. இந்த மதிப்புகள் எல்லாமே வெறும் எழுத்துகள். ‘ஃபால்ஸ்’ என்று கொடுத்தால், காலியாக இல்லாத எழுத்தாயிற்றே என்று ஜாவாஸ்கிரிப்ட் அதை ‘ட்ரூ’வாக எடுத்துக்கொள்ளும்! அனுப்பாதே என்று நினைத்த எஸ்.எம்.எஸ். ஊருக்கெல்லாம் போய்விடும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மதிப்பைக் கொடுக்கவே மறந்தால் பல புரோகிராம்கள் தாமாக ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு ஓடுகின்றன. சோதனை என்று நினைத்துக்கொண்டு நிஜக் கணக்கை அழிப்பது இப்படித்தான். சிக்னல் விளக்கு அணைந்திருந்தால் டிரைவர் அதைப் பச்சை என்று கொள்வதில்லை; அபாயம் என்றே கொண்டு நிற்பார். புரோகிராமும் கிளம்பும்போதே பட்டியலைச் சரிபார்த்து, ஒன்று குறைந்தாலும் எது இல்லை என்று சொல்லி நின்றுவிட வேண்டும். அதற்குப் பத்து வரி போதும். அந்தச் செய்தியில் வேரியபிளின் பெயரை மட்டும் அச்சிடுங்கள், பாஸ்வேர்டை அல்ல.