சதுரங்கத்தில் துணிவும் கணக்கும்

பர்மாவில் பிறந்த நம்மவர்களுள் சதுரங்க உலகில் பெயர் பொறித்தவர் மானுவல் ஆரோன். யாங்கோனிலிருந்து மாந்தளை செல்லும் ரயில் பாதையிலுள்ள டவுங்கூவில் 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1961-இல் இந்தியாவின் முதல் இண்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். ஒன்பது முறை தேசிய சாம்பியன் பட்டம் வென்றார். 1972-இல் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் அவர் தொடங்கிய செஸ் சங்கம், லாட்வியாவில் பிறந்த மாவீரர் மிகைல் தாலின் பெயரைத் தாங்கியது. அங்கு ஆடிப் பழகிய சிறுவர்தான் பின்னாளில் உலக சாம்பியனான விஸ்வநாதன் ஆனந்த்.

அந்தச் சங்கத்தில் மின்னல் ஆட்டத்துக்கு, அதாவது பிளிட்ஸுக்கு, ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களே உண்டு. வென்றவர் அமர்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். இத்தகைய இடத்தில் எந்தச் சிறுவனுக்கும் ஓர் ஆசை எழும். எதிரியைத் திகைக்க வைத்துப் பத்து நகர்வுக்குள் முடித்துவிட்டால் என்ன? அந்த ஆசைக்குத் தீனி போடுபவைதாம் காம்பிட்டுகள்.

காலை இடறிவிடுதல் என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது 'காம்பிட்'. நம் வழக்கில் சொன்னால், காலை வாருவது! தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயை வேண்டுமென்றே வெட்டுக்குக் கொடுத்து, பதிலுக்கு வேகத்தையும் தாக்குதலையும் பெறுவதே இதன் நோக்கம். அதற்குத் தக்க நிலை பலகையில் கிடைத்தால் அது ஈடு பெற்றுக் கொடுத்த கடன். எதிரி தவறு செய்வார் என்ற ஒரே நம்பிக்கையில் கொடுத்தால் அது ஈடில்லாக் கடன்; முதலே திரும்பாது.

இதற்கு நல்ல உதாரணம் எங்லுண்ட் காம்பிட். வெள்ளை ஆட்டக்காரர் ராணியின் முன்னுள்ள சிப்பாயை இரு கட்டம் நகர்த்துகிறார். கறுப்பு ஆட்டக்காரர் உடனே ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை வெட்டுக்கு வைக்கிறார். பிறகு கறுப்பு ராணி வெளியே வந்து செக் கொடுத்து, சிப்பாய் ஒன்றை வெட்டி, யானையைக் குறிவைக்கிறது. பதறிய வெள்ளை ஆட்டக்காரர் மந்திரியால் ராணியைத் தாக்கி, அடுத்தும் சறுக்கினால், எட்டாவது நகர்வில் ஆட்டம் கட்டாகிவிடும். ஆனால் அதே இடத்தில் நிதானமாகக் குதிரையை வெளியே எடுத்தால் போதும். கறுப்பு ராணிதான் தப்பிக்க வழி தேடி அலையும்.

அந்த ஒரு நகர்வைக் கண்டுபிடிக்க எதிரிக்கு அரை மணி இருந்தால் காம்பிட் பலிக்காது. அரை நிமிடமே இருந்தால் பலிக்கலாம். அதனால்தான் குறை தெரிந்த வல்லுநர்களும் பிளிட்ஸில் இதைப் போன்றவற்றை முயன்று பார்க்கிறார்கள். தாலின் பலிகள் சிலவும் பின்னர் ஆராய்ந்தபோது சரியல்ல என்று தெரிந்தன. ஆயினும் பலகையின் முன் அமர்ந்தவர்களுக்கு விடை உரிய நேரத்தில் அகப்படவில்லை. 1988-இல் கனடாவின் செயிண்ட் ஜானில் காஸ்பரோவும் கார்ப்போவும் பங்கேற்ற உலக பிளிட்ஸ் போட்டியில், 51 வயதான தால்தான் வென்றார்.

அதே 1988-இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் ஆனந்துக்கு ஒரு பாடம் கிடைத்தது. கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டாவுடன் கறுப்புக் காய்களில் ஆடினார். அது மின்னல் ஆட்டம் அல்ல. முந்தைய ஆண்டு இரு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடி டிராவில் முடித்த ஆட்டமொன்றில் வந்த நகர்வையே ஆனந்தும் ஐந்தாவதாக ஆடினார். அந்த ஆட்டத்தில் தண்டனையின்றித் தப்பிய நகர்வு அது. சபாட்டா ராணியை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். கறுப்புக் குதிரை தன் ராஜாவின் முன்னே கட்டுண்டு, காப்பாற்ற வழியின்றி நின்றது. ஆறே நகர்வில் ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

வெற்றி பெற்றவரோ பெயர் பெற்றவரோ ஆடியது என்பதற்காக ஒரு நகர்வு சரியாகிவிடாது. வரப்போகும் லாபத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்று 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தில் வள்ளுவர் அறிவுறுத்துகிறார். ஆறு நகர்வுத் தோல்வியோடு ஆனந்த் நின்றுவிடவில்லை. 2000-இல் உலக சாம்பியனானார். 2007 முதல் 2013 வரை மீண்டும் அப்பட்டத்தைத் தாங்கினார்.

நம் பிள்ளைகளும் மின்னல் ஆட்டத்தில் துணிந்து விளையாடட்டும். காம்பிட்டும் ஆடிப் பார்க்கட்டும். ஆனால் ஆட்டம் முடிந்ததும், வென்றிருந்தாலும், காய்களை மீண்டும் அடுக்கி, "எதிரி சரியாக ஆடியிருந்தால் என்னவாகியிருக்கும்?" என்று பார்க்கும் வழக்கத்தைப் பெற்றோர் பழக்க வேண்டும். எதிரியின் தவறால் கிடைத்த வெற்றியைத் தன் திறமை என்று எண்ணும் பிள்ளைக்கு, அடுத்த ஆட்டம் அதை உணர்த்தியே தீரும்.