மட்டக்குதிரையும் மல்லனும்

நீண்ட முகப்பு, குறுகிய பின்புறம், காதைத் துளைக்கும் உறுமல். ஹாலிவுட் திரைப்படங்களில் இப்படிப்பட்ட பழைய அமெரிக்க கார் ஒன்று சீறிப் பாய்ந்தால், அதனை 'மசில் கார்' என்று அழைப்பது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. ஆனால், அப்படி அழைக்கப்படுபவற்றில் பலவும் உண்மையில் மசில் கார்கள் அல்ல. அவை 'போனி கார்' என்னும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை.

இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே நாட்டில், ஒரே தலைமுறையை நோக்கி விற்பனைக்கு வந்தவை. எனினும், அவை விற்ற பொருள் வேறு. அவற்றுக்கு நேர்ந்த முடிவும் வேறு. கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில், ஒரு பொருளின் விலைக்கும் அதன் முழுச் செலவுக்கும் உள்ள இடைவெளியை விளக்க இந்த இரு வகை கார்களை நான் எடுத்துக்காட்டுவதுண்டு.

முதலில் போனி கார். 'போனி' என்றால் மட்டக்குதிரை. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் அறிமுகப்படுத்திய 'மஸ்டாங்' என்ற காரிலிருந்து இப்பெயர் பிறந்தது. வட அமெரிக்கச் சமவெளிகளில் திரியும் காட்டுக் குதிரைக்கு மஸ்டாங் என்று பெயர். காரின் முகப்பிலும் பாயும் குதிரைச் சின்னமே பொறிக்கப்பட்டிருந்தது.

அந்தக் குதிரையின் தோலுக்கு அடியில் இருந்தது, 'ஃபால்கன்' என்ற ஃபோர்டின் சிக்கனமான சிறிய குடும்ப கார். அதன் அடிச்சட்டம், இயந்திரம், சக்கர அமைப்பு ஆகியவற்றில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு, அதன்மேல் புதிய உடலைப் பொருத்தினார்கள். எல்லாவற்றையும் புதிதாக வடிவமைக்கும் செலவு மிச்சமானது. அதனால்தான் தொடக்க விலையை 2,368 டாலராக வைக்க முடிந்தது. அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் இடைநிலை ஆண்டு வருமானம் அப்போது சுமார் 6,600 டாலர்.

தொடக்க விலைக்குக் கிடைத்த மஸ்டாங்கில் இருந்தது 2.8 லிட்டர், ஆறு சிலிண்டர் இயந்திரம். அதன் திறன் 101 குதிரைத்திறன் மட்டுமே. அன்றைய அமெரிக்க அளவுகோலில் இது மிகச் சாதாரணம். ஆனால், வாங்குபவர் கூடுதல் தொகை செலுத்தி வி-8 இயந்திரம், தானியங்கி கியர், குளிர்சாதனம், வானொலி என வேண்டியதையெல்லாம் சேர்த்துக்கொள்ளலாம். கல்லூரி மாணவி, புதுமணத் தம்பதியர், நடுவயது மருத்துவர் என ஒவ்வொருவரும் அவரவர் பணப்பைக்கு ஏற்ற மஸ்டாங்கைத் தாமே வடிவமைத்துக்கொள்ள முடிந்தது.

இதன் பின்னணியில் மக்கள்தொகைக் கணக்கு ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பிறப்பு விகிதம் திடீரென உயர்ந்தது. 1946-இல் பிறந்த குழந்தைக்கு 1964-இல் வயது 18. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான இளைஞர்கள் ஓட்டுநர் உரிமம் பெறும் வயதை எட்டவிருந்தார்கள். ஃபோர்டு பிரிவின் தலைவராக இருந்த லீ அயகோக்கா இந்தக் கணக்கைச் சரியாகப் படித்தார். முதல் ஓராண்டிலேயே நான்கு லட்சத்துக்கும் அதிகமான மஸ்டாங்குகள் விற்றன. இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது.

காலவரிசைப்படி பார்த்தால், கிரைஸ்லர் நிறுவனத்தின் 'பிளைமவுத் பாரகூடா' இரண்டு வாரங்களுக்கு முன்பே சந்தைக்கு வந்துவிட்டது. ஆயினும், வகைக்குப் பெயர் தந்தது பிந்தி வந்த குதிரையே. அதன்பின் செவ்ரோலே கமாரோ, போன்டியாக் ஃபயர்பேர்டு, மெர்க்குரி கூகர், ஏ.எம்.சி. ஜாவலின், டாட்ஜ் சேலஞ்சர் என்று வரிசையாக வந்தன. சிறிய காரின் அடித்தளம், நீண்ட முகப்பு, குறுகிய பின்புறம், குறைந்த தொடக்க விலை, நீண்ட விருப்பப் பட்டியல் ஆகியவை போனி காரின் இலக்கணமாயின.

மசில் காரின் கதை வேறு. 'மசில்' என்றால் தசை. இங்கே வடிவம் இரண்டாம்பட்சம், வலிமையே பொருள். அன்றைய அமெரிக்க கார்கள் சிறியவை, நடுத்தரமானவை, பெரியவை எனப் பிரிக்கப்பட்டிருந்தன. மிகப் பெரிய இயந்திரங்கள் மிகப் பெரிய கார்களுக்கே உரியவையாக இருந்தன. அந்தப் பெரிய இயந்திரத்தை எடுத்து, எடை குறைந்த நடுத்தர காருக்குள் வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கான விடைதான் மசில் கார். 1949-இலேயே 'ஓல்ட்ஸ்மொபில் ராக்கெட் 88' இதற்கு முன்னோடியாக வந்தது என்பர். ஆனால், அதனை ஒரு சந்தையாகவே உருவாக்கிய பெருமை 1964-ஆம் ஆண்டின் 'போன்டியாக் ஜி.டி.ஓ.' காருக்கு உரியது.

ஜி.டி.ஓ. பிறந்தது ஒரு விதியின் ஓட்டை வழியாக. போன்டியாக் பிரிவின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், நடுத்தர கார்களில் சுமார் 5.4 லிட்டருக்கு மேற்பட்ட இயந்திரங்களைப் பொருத்தக்கூடாது என்று உள்விதி வகுத்திருந்தது. புதிய மாடல்களுக்கே அந்த விதி பொருந்தும். விருப்பத் தேர்வுகளுக்கு அல்ல என்பதைக் கவனித்தவர்களுள் முதன்மையானவர், அப்போது போன்டியாக்கின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியன். எனவே ஜி.டி.ஓ. தனி மாடலாக அறிவிக்கப்படவில்லை. 'லெமான்ஸ்' என்ற நடுத்தர காருக்குச் சுமார் 295 டாலர் கூடுதலாகச் செலுத்தினால் கிடைக்கும் ஒரு தொகுப்பாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகுப்புக்குள் இருந்தது, 6.4 லிட்டர் கொள்ளளவும் 325 குதிரைத்திறனும் கொண்ட இயந்திரம். ஐயாயிரம் விற்றால் போதும் என்று தொடங்கிய முயற்சி, முதல் ஆண்டிலேயே 32 ஆயிரத்தைக் கடந்தது.

போட்டியாளர்களும் களம் இறங்கினார்கள். 1968-இல் வந்த 'பிளைமவுத் ரோட் ரன்னர்' சொகுசுகளை எல்லாம் கழற்றிவிட்டு, வலிமையை மட்டும் மூவாயிரம் டாலருக்குக் குறைந்த விலையில் விற்றது. 1970-இல் 'செவ்ரோலே செவெல்' காரின் உச்ச வடிவம் 450 குதிரைத்திறனை எட்டியது.

இப்போது வேறுபாட்டைத் தொகுத்துக் கூறிவிடலாம். போனி கார் சிறிய காரின் உறவினர். முதல் மஸ்டாங்கின் நீளம் சுமார் 4.6 மீட்டர். மசில் கார் நடுத்தர காரின் உறவினர், முதல் ஜி.டி.ஓ. ஐந்து மீட்டரைத் தாண்டியது. பெரிய இயந்திரம் இல்லாத மஸ்டாங்கும் மஸ்டாங்தான். ஆனால், ஜி.டி.ஓ.விலிருந்து பெரிய இயந்திரத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது, பக்கத்து வீட்டுக் குடும்பத்தலைவர் அலுவலகம் செல்லும் லெமான்ஸ். முன்னது தோற்றத்தையும் தெரிவுரிமையையும் விற்றது. பின்னது வேகம் என்ற ஒற்றைப் பண்பை விற்றது.

எல்லைக் குழப்பம் பின்னர் வந்தது. போட்டி முற்றியபோது, மஸ்டாங்கின் உடலுக்குள் ஏழு லிட்டர் இயந்திரத்தைத் திணித்து 1969-இல் 'பாஸ் 429' வந்தது. பாரகூடாவிலும் அதே அளவிலான 'ஹெமி' இயந்திரம் ஏறியது. மட்டக்குதிரைக்கு மல்லனின் தசையைப் பொருத்திய இவற்றை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று ஆர்வலர்கள் இன்றும் வாதிடுகின்றனர். உடலால் போனி, இயந்திரத்தால் மசில் என்பதே பொருத்தமான விடை.

பெயரிடலோடு நின்றிருந்தால் இது கார் ஆர்வலர்களின் பொழுதுபோக்கு விவாதமாகவே முடிந்திருக்கும். பொருளாதாரம் கற்றவர்களுக்கு இதில் வேறொரு கேள்வி இருக்கிறது. 295 டாலர் என்பது உண்மையிலேயே அந்த வலிமையின் முழு விலைதானா?

ஜி.டி.ஓ.வின் இயந்திரம் பெரிதானது. ஆனால், முதல் ஆண்டில் அதன் நான்கு சக்கரங்களிலும் இருந்தவை பழைய டிரம் பிரேக்குகளே. அவை போதுமானவை அல்ல என்று அக்காலத்திலேயே குறைகூறப்பட்டது. இருபது வயது இளைஞரின் கையில், நிறுத்துவதற்குக் கடினமான வேகம் குறைந்த விலைக்குக் கொடுக்கப்பட்டது. விபத்து நேர்ந்தால் அதன் இழப்பை ஓட்டியவர் மட்டுமா சுமக்கிறார்? எதிரே வந்தவர், சாலையைக் கடந்தவர், மருத்துவமனை, காப்பீட்டு நிதியில் பங்களித்த மற்றவர்கள் என அனைவரும் சுமக்கின்றனர். வாங்குபவரும் விற்பவரும் பேசி முடித்த விலையில் இடம்பெறாத இத்தகைய சுமையைத்தான் புறச்செலவு என்கிறோம். 1972-இல் அமெரிக்கச் சாலைகளில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த மரணங்களுக்கெல்லாம் மசில் கார்களே காரணம் என்பது அபாண்டமாகும். ஆனால், வேகத்தை ஒரு பண்டமாக விற்ற தொழிலுக்கு அதில் பங்கே இல்லை என்பதும் ஏற்கத்தக்கதன்று.

மசில் கார்களின் மறைவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை, அரசின் மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டம். பழைய கார்களின் அபிமானிகள், வெளியிலிருந்து வந்த இடிகளே தங்கள் நாயகனை வீழ்த்தின என்று நம்புகின்றனர். காலவரிசை இதற்கு முழுமையாக ஒத்துழைக்கவில்லை.

ஜி.டி.ஓ. விற்பனை 1966-இல் சுமார் 97 ஆயிரம் என்ற உச்சத்தைத் தொட்டது. 1970-இல் அது 40 ஆயிரமாகவும், 1971-இல் பத்தாயிரத்துச் சொச்சமாகவும் சரிந்தது. 1973 மாடல் ஆண்டில் ஐயாயிரத்தைக்கூட எட்டவில்லை. எண்ணெய்த் தடை அறிவிக்கப்பட்டதோ 1973 அக்டோபரில். தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது 1970 டிசம்பர் இறுதியில். அதாவது, சட்டம் வருமுன்பே விற்பனை பாதிக்கும் கீழே போய்விட்டது.

முதலில் மணியடித்தது காப்பீட்டுத் துறை. காரின் எடைக்கும் குதிரைத்திறனுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டு, வலிமை மிகுந்த கார்களுக்கு 1960-களின் பிற்பகுதியில் காப்பீட்டு நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் விதிக்கத் தொடங்கின. ஓட்டுநர் மணமாகாத இளைஞராக இருந்தால் கட்டணம் இன்னும் ஏறியது. காரை வாங்க முடிந்த இளைஞர்களுள் பலரால் அதற்குக் காப்பீடு செலுத்த முடியவில்லை. எண்ணெய் நாடுகளுக்கும் அரசுக்கும் முன்பே, சந்தையின் ஓர் அங்கமே மறைந்திருந்த செலவுக்கான ரசீதை நீட்டியது. போட்டி மாடல்களின் பெருக்கமும், 1970-இல் ஜெனரல் மோட்டார்ஸில் நடந்த நீண்ட வேலைநிறுத்தமும் ஜி.டி.ஓ.வின் சரிவில் பங்கு வகித்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும், முதன்மைக் காரணங்களைப் பட்டியலிடும்போது காப்பீட்டை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் சொல்வது பாதி வரலாறு.

பின்னர் வந்தவை அந்த ரசீதின் அடுத்த வரிகள். ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்ப 1971-இல் இயந்திரங்களின் அழுத்த விகிதம் குறைக்கப்பட்டது, வலிமையும் குறைந்தது. 1973 இறுதியில் பெட்ரோல் நிலையங்களில் வரிசைகள் நீண்டன. 1974 தொடக்கத்தில் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்புச் சட்டம் வந்தது. அந்த ஆண்டோடு ஜி.டி.ஓ. முடிவுக்கு வந்தது.

மஸ்டாங்கின் வரலாறு இதனோடு ஒப்பிடத்தக்கது. மசில் கார்களோடு போட்டியிடும் ஆசையில் அதுவும் ஆண்டுக்காண்டு பருத்தது. 1966-இல் ஆறு லட்சத்தைத் தாண்டிய அதன் விற்பனை, 1973-இல் ஒன்றரை லட்சத்துக்கும் கீழே இறங்கியது. ஆனால், 1974-இல் ஃபோர்டு அதனை 'பின்டோ' என்ற சிறிய காரின் அடித்தளத்துக்கு மாற்றிச் சுருக்கியது. அவ்வாண்டு வி-8 இயந்திரமே தரப்படவில்லை. ஆர்வலர்கள் முகம் சுளித்தனர். ஆனால், 3.85 லட்சம் பேர் அதனை வாங்கினர். இயந்திரத்தை இழந்தும் மஸ்டாங் மஸ்டாங்காகவே நீடித்தது.

போனி கார்கள் எல்லாம் பிழைத்துவிட்டன என்று இதற்குப் பொருளல்ல. பாரகூடாவும், முதல் தலைமுறைச் சேலஞ்சரும், ஜாவலினும் அதே 1974-இல் நின்றுபோயின. ஆனால், மஸ்டாங், கமாரோ, ஃபயர்பேர்டு ஆகியவற்றுக்குத் தங்களைச் சுருக்கிக்கொள்ளும் வாய்ப்பு இருந்தது. தோற்றமும் தெரிவுரிமையும் சிறிய இயந்திரத்தோடும் வாழக்கூடியவை. வேகத்தை மட்டுமே விற்ற காருக்கு, அந்த வேகத்தின் செலவு வெளிப்பட்ட நாளில் விற்பதற்கு வேறொன்றும் மிஞ்சவில்லை.

இன்று அதே கார்கள் ஏலக் கூடங்களில் பெரும் விலைக்குப் போகின்றன. 1971-ஆம் ஆண்டின் ஹெமி இயந்திரம் கொண்ட, திறந்த மேற்கூரையுடைய பாரகூடா ஒன்று 2014-இல் 30 லட்சம் டாலருக்கும் அதிகமாக விலைபோனது. அந்த அரிய விலைக்குக் காரணம், அத்தகைய கார்கள் ஒரு டஜனுக்கு மேல் தயாரிக்கப்படவில்லை என்பதே. அவை புதிதாக வந்தபோது, வாங்குவதற்கு ஏறத்தாழ ஆளே இல்லை.

விளம்பரங்கள் இன்று போனி, மசில் என்ற இரு சொற்களையும் கலந்தே பயன்படுத்துகின்றன. அதனால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. ஆனால், அடுத்த முறை விலைப்பட்டியலில் 'சிறு தொகை கூடுதலாகச் செலுத்தினால் இருமடங்கு வலிமை' என்ற வரியைக் காணும் இளைஞரோ, அவருக்குப் பணம் தரும் பெற்றோரோ, மீதித் தொகையை யார் செலுத்தப்போகிறார் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.