மூலத் தாள் எங்கே?

சங்ககிரியில் நாற்பதைத் தாண்டிய லாரி டிரைவர்கள் பலரின் சட்டைப்பையில் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். பிரஷருக்கு, இல்லாவிட்டால் சுகருக்கு. டாக்டர் எழுதிக்கொடுத்ததை மெடிக்கலில் வாங்கி, வேளை தவறாமல் போட்டுக்கொண்டு வண்டியை எடுக்கிறார்கள். யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதை டாக்டர் ஆய்வுக் கட்டுரைகளை நம்பித்தான் முடிவு செய்கிறார். அந்தக் கட்டுரை வந்த ஜர்னலின் பெயரை டிரைவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். அதில் பொய் இருந்தால் அதற்கு விலை கொடுப்பவர் மட்டும் அவர்தான். மருத்துவ ஜர்னல்களின் நேர்மையைப் பேராசிரியர்களின் உள்விவகாரமாக விட்டுவிட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் தனியாக மருத்துவமனை நடத்தியவர் டாக்டர் ஆர்.பி. சிங். 1992-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவருடைய ஆய்வு ஒன்று வந்தது. மாரடைப்பிலிருந்து பிழைத்த 400-க்கும் மேற்பட்டவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பழம், காய்கறி, கொட்டை வகைகளைக் கூடுதலாகக் கொடுத்ததாகவும், ஓராண்டில் அந்தக் குழுவில் சாவு வெகுவாகக் குறைந்ததாகவும் அது சொன்னது. உலகமெங்கும் அதை மேற்கோள் காட்டினார்கள்.

அதன்பின் அவரிடமிருந்து கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு தனி மருத்துவமனையால் இத்தனை ஆய்வுகளை எப்படிச் செய்ய முடிகிறது என்ற சந்தேகம் எழுந்தது. எடிட்டர்கள் மூல விவரங்களைக் கேட்டார்கள். 1992 ஆய்வின் தாள்களைக் கரையான் அரித்துவிட்டது என்று பதில் வந்தது.

அவருடைய வேறொரு உணவு ஆய்வின் விவரங்கள் மட்டும் கையெழுத்துத் தாள்களாக வந்து சேர்ந்தன. ஸ்டீபன் எவன்ஸ் என்ற புள்ளியியல் அறிஞர் அவற்றை ஆராய்ந்தார். குலுக்கல் முறையில் ஆட்களை இரண்டாகப் பிரித்தால், தொடக்க நாளில் இரு குழுவிலும் எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. எண்களின் கடைசி இலக்கமும் காட்டிக்கொடுத்தது. மனத்திலிருந்து எண்களை எழுதுகிறவர் தன்னை அறியாமலே சில இலக்கங்களைத் திரும்பத் திரும்பப் போடுவார். கருவியில் அளந்த எண்கள் வேறு மாதிரி விழும். நிஜமாக நடந்த ஒரு மருந்து ஆய்வின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இவை இட்டுக்கட்டியவை அல்லது திருத்தியவை என்ற முடிவுக்கு எவன்ஸும் உடன் ஆய்வாளர்களும் வந்தார்கள்.

இது அச்சேறி வெளியே வந்தது 2005-ல். நடுவில் போன வருடங்களை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சிங்குக்கு மேலே ஒரு பல்கலைக்கழகம் இல்லை, அரசு நிறுவனம் இல்லை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் எடிட்டராக இருந்த ரிச்சர்ட் ஸ்மித் இந்தியாவில் உள்ள அமைப்புகளின் கதவைத் தட்டிப் பார்த்தும், விசாரணையை எடுத்து நடத்த யாரும் முன்வரவில்லை. அந்த இடைவெளியில், 2002-ல் லான்செட் அவருடைய இன்னொரு பெரிய ஆய்வை வெளியிட்டது. 2005-ல் அந்த ஜர்னலும் தன் ஐயத்தை அச்சிட வேண்டியதாயிற்று.

கரையான் உண்மையிலேயே அரித்திருக்கலாம். அப்படியானால் அந்த ஆய்வை யாரும் நம்பச் சொல்லக் கூடாது. மூலப்பத்திரத்தைப் பார்க்காமல் ஒரு சென்ட் நிலம் வாங்காத ஊர் நம்முடையது.

இன்று நிலைமை வேறு விதத்தில் கெட்டிருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கத்து மருத்துவ, பல் மருத்துவ, பார்மசி கல்லூரிகளில் சர்வசாதாரணமாகக் காதில் விழும் கேள்வி, “பேப்பர் போட்டாச்சா?” என்பது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 விதி, இணைப் பேராசிரியர் ஆவதற்கு இரண்டு ஆய்வுக் கட்டுரைகளைக் கேட்டது. டாக்டர் சமிரன் நந்தியும் உடன் ஆய்வாளர்களும் 2016-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: நாட்டின் 579 மருத்துவக் கல்வி நிறுவனங்களில் 332 நிறுவனங்களிலிருந்து 2005 முதல் 2014 வரை ஒரு கட்டுரைகூட வரவில்லை. ஆய்வுக்கூடம், புள்ளியியல் உதவி, நேரம் எதையும் கொடுக்காமல் கட்டுரையை மட்டும் கட்டாயமாக்கினால், வாத்தியார்கள் கடைக்குத்தான் போவார்கள்.

கடைகளுக்கும் பஞ்சமில்லை. ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், புற்றுநோய்க்கு மருந்து கண்டதாக ஒரு போலிக் கட்டுரை எழுதி, வேண்டுமென்றே அப்பட்டமான பிழைகளை வைத்து, 304 ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. இந்தியாவிலிருந்து நடப்பவற்றில் 64 ஏற்றன. நிராகரித்தவை 15 மட்டுமே. 2013-ல் சயன்ஸ் இதழில் வந்த செய்தி இது. ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனம், நிபுணர்கள் பரிசீலிப்பதாகப் பொய் சொல்லியும் கட்டணத்தை மறைத்தும் கட்டுரைகளை வாங்கியதாகக் கூறி, 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தும்படி 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

சென்னையிலிருந்து வந்த செய்தி இன்னும் கிட்டத்தில் உறுத்துகிறது. சவீதா பல் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் நான்கு மணி நேரத் தேர்வில் எழுதும் கட்டுரைகள் ஜர்னல்களுக்குப் போகின்றன, அவற்றில் அதே கல்லூரியின் முந்தைய கட்டுரைகள் மேற்கோள்களாகக் குவிக்கப்படுகின்றன என்று 2023 ஜூனில் சயன்ஸ் இதழும், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தளமும் எழுதின. மேற்கோள் கூடினால் தரவரிசையும் கூடும். குற்றச்சாட்டைக் கல்லூரி ஏற்கவில்லை. அந்த ஒரு கல்லூரியோடு இதை முடித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எண்ணிக்கையைப் பார்த்து மார்க் போடும் அரசின் தரவரிசை முறைக்கும் இதில் பங்கு உண்டு.

நல்ல விதிகள் இல்லாமல் இல்லை. உழைக்காதவர் பெயரை ஆசிரியராகப் போடக் கூடாது என்று மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் பன்னாட்டுக் குழு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பெரியவர் பெயரைச் சேர்க்காவிட்டால் மரியாதையாக இருக்காது என்ற பேச்சு நம்மிடம் ஓயவில்லை. 2009 ஜூன் 15 முதல், மருந்து ஆய்வுகளை முன்கூட்டியே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம். சங்ககிரியில் இருந்தபடியே யாரும் செல்போனில் காசு கொடுக்காமல் அதைப் பார்க்கலாம்: என்ன ஆய்வு, எத்தனை பேர், எதை அளக்கப்போகிறார்கள் என்று. பாதி வழியில் கேள்வியை மாற்றி, கிடைத்த விடைக்கேற்ப ஆய்வை வளைத்தால் அங்கே பிடிபடும்.

நான் கேட்பது பெரிய சட்டத்தை அல்ல. கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பும் அன்றே, நோயாளிகளின் பெயரை நீக்கிய மூல விவரத்தின் பிரதியைக் கல்லூரி நூலகத்தில் ஒப்படைக்கும்படி முதல்வர் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். பதவி உயர்வுக் குழுவும் எத்தனை பேப்பர் என்று கேட்டதோடு எழுந்துவிடாமல், அவற்றில் ஒன்றை எடுத்து, அதன் கேஸ் ஷீட்டுகளை மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லட்டும்.