கோயில் இல்லாத காலத்தில் காத்த விசுவாசம்

மலாக்கா ஜாலான் பெண்டஹாராவில் உள்ள புனித பீட்டர் தேவாலயத்தைப் புனித வெள்ளிப் பவனிக்காகவே நம்மில் பலர் அறிவோம். 1710இல் கட்டப்பட்டது; மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் கத்தோலிக்கத் தேவாலயங்களில் அதுவே மிகப் பழையது. ஆனால், போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தது 1511இல். அவர்கள் கட்டிய கோயில்கள் என்னவாயின?

1641இல் டச்சுக்காரர் ஊரைக் கைப்பற்றினர். அவர்களும் வேதாகமம் வாசிக்கும் கிறிஸ்தவர்கள்தாம். இருந்தும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். குன்றின் மேலிருந்த தேவாலயத்தையும் தமதாக்கிக்கொண்டனர். கத்தோலிக்கர்கள் வீடுகளிலும் ஊருக்கு வெளியே காட்டுப்பக்கத்திலும் மறைவாகக் கூடி ஜெபித்தனர். கெடுபிடி தளர்ந்த பிறகு, மதம் மாறிய ஒரு டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் எழுந்ததுதான் புனித பீட்டர் தேவாலயம்.

அதே டச்சுக் கம்பெனி 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து அங்கும் இதே தடையைப் போட்டது. 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாள் போல வேடமிட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அடக்குமுறையில் இருந்தும் விசுவாசத்தைக் கைவிடாத தமிழ்க் குடும்பங்கள் சில்லாலையில் அவருக்கு அடைக்கலம் தந்தன. 2015இல் கொழும்பில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தபோது, தோட்டத்து ஜெபக்கூடத்தைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்து வேதம் வாசிக்கும் பழக்கத்தைக் கொண்டுவர முடிந்தது. அதற்கு ஃபிளாட்டின் சின்ன வரவேற்பறையே போதும். அரசாணை வந்த பிறகும் தானியேல் நாளுக்கு மூன்று வேளை ஜெபித்தது தன் வீட்டு மேலறையில்தான்.