காடும் கருவியும் – 9: மணி அடித்த பின் 36 விநாடிகள்

காட்டில் மரத்தோடு கட்டிவைக்கும் தானியங்கிக் கேமராக்கள் புலிக் கணக்கெடுப்பை எப்படி மாற்றின என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் கேமரா எடுத்த படத்தை ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் பாதகமில்லை. இந்த வாரக் கருவிக்கு அந்த அவகாசம் கிடையாது. கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் ரயில் பாதை, எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் இடையே மதுக்கரை வனச்சரகத்தை ஊடறுத்துப் போகிறது. இந்தத் தடத்தில் பல ஆண்டுகளாக யானைகள் அடிபட்டுச் செத்திருக்கின்றன. 2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை அருகே ஒரே ரயிலில் மோதி மூன்று யானைகள் மடிந்தன. அதற்குப் பிறகுதான் தமிழக வனத்துறை சுமார் 7 கிலோமீட்டர் தூரத்துக்கு 12 கோபுரங்களை எழுப்பி, வெப்பத்தை உணரும் கேமராக்களையும் சாதாரணக் கேமராக்களையும் பொருத்தி, செயற்கை நுண்ணறிவால் யானையை அடையாளம் காணும் கண்காணிப்பு அமைப்பை 7.24 கோடி ரூபாய் செலவில் உருவாக்கியது. 2024 பிப்ரவரியில் அது செயல்பாட்டுக்கு வந்தது.

யானை தண்டவாளத்திலிருந்து 150 மீட்டரில் இருக்கும்போது முதல் எச்சரிக்கை, 100 மீட்டரில் அடுத்தது, 50 மீட்டருக்குள் வந்துவிட்டால் சிவப்பு எச்சரிக்கை. செய்தி வனப் பணியாளர்களுக்கும் ரயில்வேக்கும் போகிறது. நல்ல ஏற்பாடு, மனக்கண்ணில் பார்க்கும்போது நிம்மதியாகவும் இருக்கிறது. ஆனால் இதன் உண்மையான வலிமையை அறியக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் யானை 150 மீட்டரைக் கடக்க 108 விநாடிகள் ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் அதற்குள் 3 கிலோமீட்டர் வந்துவிடும். யானை 50 மீட்டரில் நிற்கிறது என்றால் மிச்சமிருப்பது 36 விநாடிகள். அதே ரயிலுக்கு அது சரியாக ஒரு கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஓடும் நீண்ட ரயிலை அவசர பிரேக் போட்டு நிறுத்தவே ஏறக்குறைய அவ்வளவு தூரம் தேவைப்படும். இதற்கிடையில்தான் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் படத்தைப் பார்த்து, ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சொல்லி, அவர் வாக்கி-டாக்கியில் ஓட்டுநரை அழைத்து, ஓட்டுநர் அதைக் கேட்டு பிரேக்கில் கை வைக்க வேண்டும். யானையைக் கண்டுபிடிக்க இயந்திரத்துக்கு ஒரு நொடி போதும். மீதி நேரத்தைத் தின்பது மனிதர்களின் தொலைபேசிச் சங்கிலி.

அதே கணக்கை மணிக்கு 45 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். 36 விநாடிகளில் ரயில் 450 மீட்டர்தான் நகரும். நிற்கத் தேவையான தூரமோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்காக, 200 மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். முதல் கணக்கில் ஒரு விநாடிகூட மிஞ்சவில்லை. இதில் தகவல் போய்ச்சேரவும் ஓட்டுநர் முடிவெடுக்கவும் இடம் இருக்கிறது. கேமராவுக்குப் பயன் உண்டாக்குவதே குறைந்த வேகம்தான். கருவி வந்துவிட்டதால் யானை நடமாடும் தடங்களில் உள்ள இரவு வேகக் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம் என்று யாராவது சொன்னால், அந்தக் கருவி செயல்படுவதற்கான நேரத்தையே அவர்கள் பறிக்கிறார்கள் என்று பொருள்.

ஓட்டுநரின் விழிப்பு ஒன்றே போதாது என்பதை அசாமின் ஹோஜாய் மாவட்டம் காட்டிவிட்டது. 2025 டிசம்பர் 20 அதிகாலையில், மிசோரமின் சாய்ராங்கிலிருந்து டெல்லி சென்ற ராஜதானி எக்ஸ்பிரஸ் யானைக் கூட்டத்தில் மோதியது. ஓட்டுநர் கூட்டத்தைக் கண்டு அவசர பிரேக் போட்டார். ஆனாலும் ஏழு யானைகள் செத்தன. எஞ்சினும் ஐந்து பெட்டிகளும் தடம் புரண்டன. அது யானை வழித்தடமாக அறிவிக்கப்பட்ட இடமே அல்ல என்று ரயில்வே விளக்கம் தந்தது. அந்த விளக்கத்தில்தான் என் கவலை இருக்கிறது. நாம் வரைபடத்தில் கோடு போட்ட இடத்தில் கருவி நிற்கும். யானை, மழையையும் நெல் விளைச்சலையும் பார்த்து வழியை மாற்றிக்கொள்ளும்.

வேகத்தைக் குறைத்தால் பயணிகள் பாதிக்கப்படுவார்களே என்பது முதல் ஆட்சேபம். 7 கிலோமீட்டரை 100 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க நான்கு நிமிடங்கள் சொச்சம், 45-இல் ஒன்பது நிமிடங்கள் சொச்சம். வித்தியாசம் ஐந்து நிமிடம். நாள் முழுவதும்கூட வேண்டியதில்லை, யானைகள் அதிகம் நடமாடும் இரவிலும் அதிகாலையிலும் போதும். பல மணி நேரம் ஓடும் ஒரு ரயிலுக்கு இதைத் தாங்க முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். ஹோஜாயில் தடம் புரண்ட பெட்டிகளில் இருந்தவர்களும் பயணிகள்தான்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. கிலோமீட்டருக்கு ஒரு கோடி ரூபாய் கேமராவில் போடுவதைவிட, யானைகள் தண்டவாளத்துக்கு அடியில் கடந்துபோகப் பாலம் கட்டலாமே என்கிறார்கள். கட்டத்தான் வேண்டும், மதுக்கரையில் ரயில்வே கட்டிய இரண்டு கீழ்ப்பாலங்களை யானைகள் பயன்படுத்துகின்றன. மனிதன் தூங்கினாலும், மின்சாரம் போனாலும் பாலம் வேலை செய்யும். ஆனால் எல்லா யானைகளும் எப்போதும் அந்த இரண்டு வாய்களைத் தேடி வருவதில்லை. பாலம் இல்லாத இடத்தில் மேலேறி வரும் யானைக்குத்தான் கேமரா. செலவுக்கும் வழி உண்டு. தண்டவாளத்தை ஒட்டிப் புதைத்த ஒளியிழைக் கம்பியின் அதிர்வைக் கொண்டு யானையின் காலடியை உணரும் 'கஜராஜ்' அமைப்பை 700 கிலோமீட்டருக்கு 181 கோடி ரூபாயில் நிறுவப்போவதாக 2023 நவம்பரில் ரயில்வே அறிவித்தது. கிலோமீட்டருக்குச் சுமார் 26 லட்சம்தான். ஆனால் கம்பி உணர்ந்த சேதியும் ஓட்டுநரின் காதுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அங்கேயும் கணக்கு மாறாது.

ஆகவே ரயில்வேயிடமும் வனத்துறையிடமும் கேட்க வேண்டியவை மூன்று. எச்சரிக்கை இடையில் யாரிடமும் நிற்காமல் நேராக எஞ்சின் அறைக்குப் போகட்டும். யானை நடமாடும் காட்டுத் தடங்களில், கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரவு வேகக் கட்டுப்பாடு தொடரட்டும். எத்தனை எச்சரிக்கைகள் வந்தன என்பதோடு, ஒவ்வொன்றும் ஓட்டுநரை அடைய எத்தனை விநாடிகள் ஆயின என்பதையும் மாதந்தோறும் வெளியிடட்டும். அந்த இரண்டாவது எண்ணை மக்கள் கேட்டு வாங்க வேண்டும்.

(தொடரும்)